மூடியில் எழுதிய இலக்கம்

"ஞாயிறு, காலை 6.40. ஆறு போத்தல் பீலித் தண்ணீர். முதலாவதில் ஒரு சிட்டிகை சீனக்காரம், இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஆறு வரை. அழியாத பேனாவால் மூடிகளில் இலக்கமிட்டேன்."

என் நாட்குறிப்பின் இந்த வரிகளில் ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. (எழுதுகிற எவனுக்குத்தான் தெரியும்?)

எங்கள் மலையூரான எல்கடுவையில் மழை பிடித்துக்கொண்டால், ஊற்று நீர் விழும் பீலியில் வருவது தண்ணீரல்ல, சேறு. அன்று மாலை தங்கை சுமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். ஒரு மிடறில் தூளின் ஜாதகத்தையே சொல்பவர். அவருக்குச் சேற்றுத் தேநீரா? சேற்றை அடியில் படியவைப்பது படிகாரம் என்கிற சீனக்காரம்; விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தேன்.

பத்து மணிக்கு ஒரேயொரு போத்தல் பளிங்காகத் தெளிந்திருந்தது. மூடியில் இலக்கம் ஆறு. அந்த அளவை வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பெருக்கி, காரத்தைப் பொடித்துக் கொட்டினேன்.

மாலையில் சமையலறையிலிருந்து முதல் செய்தி: பால் திரிந்துவிட்டது.

"பிளேன்டீயே குடுங்கம்மா" என்றேன்.

டீமேக்கர் தொழில்முறைப்படி சர்ரென்று உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். கூரையைப் பார்த்தார். துப்ப இடம் தேடி, கிடைக்காமல் விழுங்கினார்.

"இது எந்தத் தோட்டத்துத் தூளுங்க தம்பி?"

"உங்க ஃபேக்டரித் தூள்தாங்க ஐயா. உங்களுக்காகவே தேடி வாங்குனோம்."

"எங்க தூளா?" கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "நாங்க கெளம்புறோங்க."

நாட்குறிப்போடு ஓடிப்போய் வாசலை மறித்து, நேரம் உட்பட எல்லாவற்றையும் வாசித்தேன். மூடி என்ற இடத்தில் அம்மா குறுக்கிட்டார்.

"மூடியெல்லாம் அழுக்கா கெடந்துச்சேன்னு நாந்தான் கழுவி மாட்டுனேன். எது எதுக்குன்னு யாருடா பாத்தா?"

"போத்தல விட்டுட்டு மூடியில நம்பர் போட்ட ஒரே ஆளு எங்க அண்ணந்தாங்க" என்றாள் சுமதி, கதவுக்குப் பின்னாலிருந்து.

மாப்பிள்ளை ரவி சிரித்துவிட்டார். காலிக் கோப்பையைக் காட்டி, "நான் முழுசாக் குடிச்சிட்டேனேப்பா. நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

டீமேக்கர் கோப்பையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "இவனுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க. இனிக் கட்டி வைக்கிறதத் தவிர வழியில்ல."

கல்யாணம் நடந்தது. இன்றும் சம்பந்தி எங்கள் வீட்டுக்குத் தண்ணீரோடுதான் வருகிறார். போத்தலின் வயிற்றில் கொட்டை எழுத்தில் 'தண்ணீர்' என்று எழுதி, என் முன்னால் வைத்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்.

என் குறிப்பேட்டில் ஒன்று மட்டும் பாக்கி. முழுக் கோப்பையையும் குடித்ததாக ரவி மச்சான் இன்றுவரை சத்தியம் செய்கிறார். அவர் அமர்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே நின்ற மிளகுக்கொடி அந்த வாரமே பட்டுப்போனது. இரண்டுக்கும் தொடர்புண்டா என்பது உறுதிசெய்யப்படவில்லை.