மோப்பம் ஏன் கத்துகிறது?

காலி மேஜையைப் பார்த்து மோப்பம் கத்திக்கொண்டிருந்தது.

மோப்பம் என்பது ஒரு கருவி. கைப்பை அளவுதான் இருக்கும். பக்கத்தில் எங்காவது கதிர்வீச்சு இருந்தால் கீச்கீச்சென்று கத்தும். எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று திரையிலும் காட்டும். பல்கலைக்கழகத்தின் அணுப்பொருள் கண்காணிப்பு ஆய்வுக்குழுவில் மூன்று வருடமாக அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள் கவனக்கா. எதற்கெடுத்தாலும் 'கவனம், கவனம்' என்பதால் வந்த பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மூன்று மணிக்கு அரசாங்கத்தின் அணுப்பொருள் ஆய்வதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் மோப்பம் அவருடைய ஆட்களின் கைக்குப் போகும், கவனக்காவும் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்துவிடலாம். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பும் அம்போ. அப்படிப்பட்ட நாளில் ஒன்றுமில்லாத இடத்தில் இது ஒப்பாரி வைத்தால் எப்படி?

"பேட்டரியா இருக்கும்," என்றார் மெக்கானிக். ஆய்வகக் கருவிகளைப் பிரித்துப் பூட்டுவது அவர் வேலை.

மாற்றினார். புது பேட்டரியில் இன்னும் தெம்பாகக் கத்தியது.

"இடத்தை மாத்திப் பாருங்கக்கா."

கவனக்கா தூக்கிக்கொண்டு நடந்தாள். தாழ்வாரத்தில் கத்தியது. நூலகத்தில் கத்தியது, நூலகர் உதட்டில் விரல் வைத்து முறைத்தார். கேன்டீனில் சர்க்கரை டப்பாவைப் பார்த்துக் கத்தியது. நாலு பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். போன இடத்திலெல்லாம் திரையில் ஒரே வார்த்தை: தோரியம்.

தோரியம் அணு எரிபொருளாகும் உலோகம், விளையாட்டில்லை. ஒவ்வொரு கிராமுக்கும் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குழுவிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தோரியக் கரைசல். அதுவும் இரும்பு அலமாரியில், ஆய்வதிகாரி தன் கையாலேயே கம்பி கட்டி வைத்த, அவரைத் தவிர யாரும் அறுக்கக் கூடாத சீலுக்குப் பின்னால்.

"அக்கா, ஒரு நிமிஷம் எங்கிட்ட கொடுங்க," என்று மோப்பத்தை வாங்கிக்கொண்டு மெக்கானிக் தன் அறைக்குப் போனார். சத்தம் நின்றது. "என் கையில சமத்தா இருக்குக்கா!"

கவனக்கா சந்தோஷத்தில் ஓடினாள். வாசற்படியில் கால் வைத்தாள். கீச்!

பின்னாலேயே வந்த குழுத் தலைவரான பேராசிரியர் இரண்டடி தள்ளி நின்றார். மெக்கானிக் மரியாதை தெரிந்தவர். பேராசிரியருக்கும் பின்னால் போய் நின்றார்.

"ஏம்மா, கையைக் கழுவிப் பாரு," என்றார் பேராசிரியர்.

மூன்று முறை கழுவினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தாள். கீச் கீச்.

"அப்போ என் மேலதான் சார் ஒட்டியிருக்கு. பாட்டில் கசிஞ்சிருக்கு!" யாரும் தடுப்பதற்குள் கட்டிங் பிளேயரை எடுத்தாள். சீல் கம்பி படக்கென்று அறுந்தது.

பாட்டில் பத்திரமாக இருந்தது. எடை போட்டார்கள். ஒரு துளி குறையவில்லை. கவனக்கா பெருமூச்சு விட்டாள். விட்டபிறகுதான் தரையில் கிடந்த சீலைப் பார்த்தாள்.

"கசிவும் இல்ல, இப்போ சீலும் இல்ல," என்று பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒட்டிடலாமா சார்?" என்றார் மெக்கானிக்.

"அறுத்த சீலை எவ்வளவு நல்லா ஒட்டினாலும் கண்டுபிடிச்சிடலாம்னு போன வருஷம் கட்டுரை எழுதினது யாருய்யா? நாமதானே!"

அந்த நேரம் பார்த்து, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாக ஆய்வதிகாரி உள்ளே வந்தார். கவனக்கா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அறுந்த சீலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோட்டைக் கழட்டுங்க."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்கள். மோப்பம் பையைப் பார்த்துக் கத்தியது. கவனக்காவைப் பார்த்து வாயே திறக்கவில்லை. அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"பாட்டில்ல குறையல. ஆனா கோட்டுல தோரியம்," என்று அதிகாரி நோட்டைத் திறந்தார். "குறைஞ்சிருந்தா தொலைஞ்சதுன்னு எழுதலாம். இங்க கூடியிருக்கே! எங்கிருந்து வந்துச்சுன்னு நான் எழுதறது? ஒண்ணு, உங்ககிட்ட கணக்குல வராத தோரியம் இருக்கு. இல்ல, உங்க மிஷின் புளுகுது. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

முதலாவதைச் சொன்னால் ஆய்வகத்துக்குப் பூட்டு. இரண்டாவதைச் சொன்னால் மோப்பத்துக்குச் சமாதி. பேராசிரியர் இரண்டாவதைச் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். கவனக்கா கருவியைப் பார்த்தாள். அவளுக்கு மனசு வரவில்லை.

"மோப்பம் புளுகாது சார்."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. இந்தக் கோட்டு கடைசியா யார் கையில இருந்துச்சு?"

"நீங்க வர்றீங்களேன்னு சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன் சார். என் வீட்டுக்காரர்தான் துவைச்சு இஸ்திரி போட்டுத் தந்தார்."

"அவர் என்ன பண்றார்? அணுமின் நிலையத்துலயா?"

"பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார் சார்."

அதிகாரியின் பேனா நின்றது. "போனைப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைங்க."

நாலாவது மணியில் எடுத்தார். பின்னணியில் முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, என் கோட்டுல கதிர்வீச்சு இருக்குங்க," என்றாள் கவனக்கா. குரல் உடைந்துவிட்டது.

"அய்யய்யோ, அழாதேம்மா! உன்னை ஒண்ணும் பண்ணாது," என்றார் பாட்டு வாத்தியார். "கதிர்வீச்சை விரட்டுற தகடு, ஏதோ அபூர்வ உலோகம் கலந்ததுன்னு ஆன்லைன்ல வித்தாங்க, ஒண்ணு வாங்கி உன் காலருக்குள்ள வெச்சு நானே தச்சிருக்கேன்!"