வேலை பூஜ்யம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்களும் அக்காவும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள்?

நடந்ததை அவள் சொல்லியிருக்க மாட்டாள். இந்த வருஷம் எங்கள் கல்லூரியில் முதலாண்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கலந்து ஒரே பாடமாக்கி, மூன்று ஆசிரியர்களையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டார்கள். இயற்பியலுக்கு நான், உயிரியலுக்கு அவள், வேதியியலுக்கு எங்கள் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நல்ல மனிதர். "புருஷன் பெண்டாட்டி ஒரே வகுப்புல, ஒத்துமையா நடத்துவீங்க" என்றார் முதல்வர். நானும் தலையாட்டினேன். முதல் பாடம் ஆற்றல். அவள் தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தசைக்குள் என்ன நடக்கிறது என்று ஆரம்பித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நடுவில் புகுந்து, வாளி நகரவில்லை, ஆகவே இயற்பியல் கணக்குப்படி மேடம் செய்யும் வேலை பூஜ்யம் என்றேன். அதோடு விட்டேனா, கரும்பலகை நிறைய எழுதி விளக்கவும் தொடங்கினேன். அவள் வாளியோடு நின்றுகொண்டேயிருந்தாள். "சார், மேடத்துக்குக் கை நடுங்குது" என்று வேதியியல்காரர் காதோரம் சொன்னார். "அது உங்க ரெண்டு பேர் பாடம், அப்புறம் வாங்க" என்றேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்போ மேடம் இவ்வளவு நேரம் எதுவுமே செய்யலையா சார்?" என்று கேட்டாள். "ஒண்ணுமே செய்யலம்மா" என்றேன், மச்சான். வகுப்பே சிரித்தது. அவள் வாளியை மெதுவாக என் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

வீட்டில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள். வேதியியல்காரரும் மருத்துவ விடுப்பில் போய்விட்டார். இப்போது மூன்று பாடத்தையும் நானே நடத்துகிறேன். நேற்று அதே பெண், "நகராத வாளியைப் பிடிச்சா கை ஏன் சார் வலிக்குது?" என்றாள். "மேடம் வரட்டும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் அறையில் அவள் நாற்காலியில் விடைத்தாள் கட்டுகளைக் குவிக்கிறார்கள். நான் எடுத்து எடுத்துத் தரையில் வைக்கிறேன்.

மனம் நொந்து வந்திருப்பவள், மச்சான். அவள் எது பேசினாலும் குறுக்கிடாமல் பொறுமையாகக் கேளுங்கள். ஆறுதல் சொல்லி அனுப்பி வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அவளே போனில் பேசினாள். "கோபமா? அதெல்லாம் அன்னிக்கே போச்சு. இங்க நான் பேசினா எல்லாரும் கடைசி வரைக்கும் கேக்கறாங்க. நல்லா இருக்கு. இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரேன்" என்கிறாள். ஆகவே மச்சான், மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அவள் வாயைத் திறந்ததும் கொஞ்சம் குறுக்கே பேசுங்கள்.