பரணும் மரத்துப்போன காலும்

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பரண் ஏறக்கூடாது என்பது என் கொள்கை. ஞாயிறு மூன்று மணிக்கு டீவியில் ஃபைனல் மேட்ச் இருந்தால் அது சட்டம். என் மனைவி பரணைச் சுத்தம் செய்யக் குறித்திருந்த நேரமும் அதே மூன்று மணி.

அதனால், இரண்டரைக்கு என் வலது கால் மரத்துப்போனது.

"எப்படி?" என்றாள். ஏணியை ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது.

"இந்த வயசுல வருமாம். ஃபோன்ல படிச்சேன். ஏகப்பட்ட காரணம் இருக்கு."

"சர்க்கரையா இருக்கும். இன்னையிலேர்ந்து காபில கிடையாது."

"போன மாசம்தானே டெஸ்ட் பண்ணோம்? அது இல்ல."

"அப்ப பி-டுவெல்வ் கம்மி. ஊசி போட்டா சரியாயிடும், கிளம்புங்க."

"ஊசியெல்லாம் வேணாம்மா. இது முதுகுல நரம்பு நசுங்கறது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, ஏறக்கூடாது." அந்த மூன்றாவதுக்காகத்தான் நான் முதல் இரண்டையும் படித்ததே.

அவள் தன் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். நாலு "ம்", கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

"கண்ணை மூடுங்க. பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க, தெரியலன்னா இல்லைன்னு சொல்லுங்க."

இவ்வளவுதானா? இறுக மூடினேன். பஞ்சு கணுக்காலில் பட்டது. "இல்லை." முழங்காலில் பட்டது. "இல்லை." உள்ளங்காலில் பட்டு உயிரே கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லை."

அப்புறம் பஞ்சு எங்கேயும் படவில்லை. நானும் சும்மா இருந்தேன்.

"ஏங்க, தொட்டதே தெரியாத காலு, தொடுறப்ப மட்டும் எப்படிங்க டாண்ணு பதில் சொல்லுது?"

மூன்று மணிக்குப் பரணில் இருந்தேன். கீழே அவள் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெளிந்த குண்டான்கள், கைப்பிடி போன சூட்கேஸ், இறக்கை இல்லாத ஃபேன். தலை இடிக்காமலிருக்கக் குத்துக்காலிட்டு ஒரு மணி நேரம் துடைத்தேன். இறங்கலாம் என்று பார்த்தால் வலது கால் வரவில்லை. கிள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கிள்ளியதுபோல இருந்தது.

"ஏம்மா, நிஜமாவே கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் வந்து பிடியேன்."

டீவி சத்தம் குறைந்தது.

"தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"இல்லை."

"டாண்ணு சொல்லிட்டீங்க. அப்ப தெரியுது," என்றாள். டீவி சத்தம் மறுபடியும் கூடியது.