கண்ணாடிக் கடைத் தளபதி

தளபதிகளில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்துக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. இரண்டாம் ரகம் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அதற்குத் தேவை ஒரு கடை வாசலும், பின்னால் கட்டிக்கொள்ள இரண்டு கைகளும், எதிரே நடந்துபோக ஒரு படையும்தான். இங்கே பேச்சு இந்த இரண்டாம் ரகத்தைப் பற்றி.

நம் கண்ணாடிக் கடைக்காரர் போர் தொடங்கிய மாதமே பதவி ஏற்றுவிட்டார். புதிதாய்ச் சேர்ந்த சிப்பாய்கள் முதுகில் மூட்டையோடு கடைவீதி வழியாகப் பயிற்சி நடை போகும் சத்தம் கேட்டால் போதும், வெட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, வாசலுக்கு வந்து, வயிற்றை எக்கி, மீசையைத் தடவி, ஒவ்வொரு பூட்ஸாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கவனியுங்கள். இந்த இனத்தின் அடையாளமே அதுதான்.

"இதெல்லாம் ஒரு நடையா? தூக்கத்துல எழுந்து தண்ணி குடிக்கப் போற மாதிரி!"

"மச்சான், நீங்க பட்டாளத்துல இருந்திருக்கீங்களா?" என்று கேட்டான், கடையில் கூடமாட உதவும் மச்சினன்.

"இருந்திருந்தா சண்டை இத்தனை நாள் இழுக்குமாடா?"

ஆள் சேர்க்க வந்தவர்கள் ஊரில் இருந்தவரை இவருக்கு முழங்கால் வலி. அவர்கள் லாரி ஊர் எல்லையைத் தாண்டியதும் வலியும் தாண்டிவிட்டது.

அன்று படை கடையை நெருங்கும்போது, பயிற்சி அதிகாரி கடைசி வரிசையில் யாரோ ஒருவனுடைய பூட்ஸ் கயிற்றைத் திட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசைக்குக் கட்டளையிட ஆளில்லை. நம்மவருக்கு வாய் சும்மா இருக்குமா? கட்டளை என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று மச்சினனுக்குக் காட்டத்தான், "வலப்பக்கம் திரும்பு!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கர்ஜனை.

திரும்பிவிட்டார்கள்! குரல் கேட்டால் கீழ்ப்படி, யார் குரல் என்று பார்க்காதே என்பதுதான், பாவம், அவர்கள் அதுவரை படித்த ஒரே பாடம். வலப்பக்கம் இருந்தது கடை. கடைக்குள் இருந்தது ஊர் முடிதிருத்துபவர் தம் கடைக்குக் கேட்டிருந்த ஆளுயர நிலைக்கண்ணாடி. போர்க்காலத்தில் அப்படி ஒன்று கிடைப்பதே குதிரைக்கொம்பு. அது உடைந்தால் கடையையே இழுத்து மூடவேண்டியதுதான்.

"தம்பி... ஐயா... உள்ள கண்ணாடி இருக்குப்பா... கொஞ்சம் பாத்து..."

கெஞ்சலுக்குக் கீழ்ப்படிய அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முக்காலி நொறுங்கியது. மச்சினன் மேசைமேல் ஏறினான். முன்னால் வந்த சிப்பாய், கண்ணாடியில் தன்னை நோக்கி வரும் தன்னையே பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

"நில்லு!"

கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்த கடைக்காரர் மனைவியின் குரல் அது. மொத்தப் படையும் நின்றது. முன்னால் நின்றவன் மூக்கு கண்ணாடியைத் தொட்டு, அவன் மூச்சில் கண்ணாடி மங்கியது. நம் தளபதியும் ஒற்றைக்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். மூச்சிரைக்க ஓடிவந்த அதிகாரி, நிலைமையை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த அம்மாளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"எல்லாரும் வந்த வழியே திரும்பிப் போங்கப்பா" என்றாள் அவள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்கங்க நழுவுறீங்க? நீங்க இங்கயே நில்லுங்க."

'நில்' என்று அந்த மனுஷனே ஓர் அதட்டல் போட்டிருந்தால் தீர்ந்ததே, இதுகூடவா தெரியாது என்று நாற்காலியில் சாய்ந்தபடி இப்போது உச்சுக்கொட்டினீர்கள், இல்லையா? வாழ்த்துகள், தளபதியாரே! அடுத்த கட்டளைக்கு வாய் திறக்குமுன், வீட்டுக்காரம்மா வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.