போதும் என்று சொல்லக்கூடாத இடம்

நான்காவது தடவையாகச் சோற்றுக் கரண்டி தன் இலையை நோக்கி வருவதைக் கண்டபோது நிதுர்ஷனுக்குக் கண் கலங்கியது. அதை நிறுத்தக்கூடிய ஒரே சொல்லை அவனே தடைசெய்திருந்தான்.

முப்பது புதுமுக மாணவர்களை, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்த கூட்டுப்பண்ணைக்கு அழைத்து வந்தவன் அவன்தான். இரண்டாம் வருடம், மாணவர் சங்கச் செயலாளர். போன வருடம் வந்தவர்கள் நாற்றுமேடையில் ஏறி நின்று படம் எடுத்துவிட்டுப் போனதில் பண்ணைத் தலைவி கேதீஸ்வரி அக்காவுக்குக் கடும் கோபம். இந்த முறையும் ஏதாவது பிழை நடந்தால் இனிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் வரவேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். அதனால் வாவியைப் படகில் கடக்கும்போதே நிதுர்ஷன் கைபேசியில் ஊர் வழக்கங்களைப் படித்துத் தேறினான். நகரத்தில் பிறந்து ஒரு நாளும் வயலில் கால் வைக்காதவனுக்கு அவ்வளவு அறிவே தாராளமாகப் பட்டது.

காலை முழுக்க ஒரே கொண்டாட்டம். கத்தரிக்காய் செடியில்தான் காய்க்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பரவசத்தில் சிலர் வீட்டுக்கே அழைப்பு எடுத்துச் சொன்னார்கள். யாரும் நாற்றுமேடையை மிதிக்கவில்லை. சேறும் பசியுமாகத் திரும்பியபோது, துப்புரவாகக் கூட்டிய ஒரு வெட்டவெளியில் தாமரை இலைகள் போடப்பட்டிருந்தன. எதிரெதிரே இரண்டு கம்பங்கள் நின்றன.

"இது நெல்லுச் சூடடிக்கிற களம்," என்று நிதுர்ஷன் எல்லோரையும் கூட்டிக் கிசுகிசுத்தான். "களத்தில நிண்டு போதும் எண்டு சொன்னா விளைச்சல் குறைஞ்சிருமாம். ஒருத்தரும் அந்தச் சொல்லை எடுக்கக்கூடாது. இலையைக் கையால மறைக்கிறதும் அதே கணக்குத்தான்."

"அப்ப அந்தக் கம்பம் என்னத்துக்கு அண்ணா?" என்று கேட்டாள் ஏறாவூரிலிருந்து வந்திருந்த சஹ்லா.

"மாடு கட்ட," என்றான், கட்டிப் பழகியவன் போல.

முதல் சுற்று சொர்க்கம். இறால் கறிக்கும் பூசணிக்காய்க்கும் அடிபிடி நடந்தது. இரண்டாவது சுற்றும் ருசித்தது. மூன்றாவதில் இடுப்புப் பட்டிகள் தளர்ந்தன.

நான்காவது வந்ததும், மெதுவாகச் சாப்பிடும்படி நிதுர்ஷன் கண்ணைக் காட்டினான். கேதீஸ்வரி அக்காவின் முகம் வாடியது. கறி சரியில்லையா என்று கேட்டு, முப்பது முட்டை பொரிக்கச் சொன்னார்.

பதறிப்போனவன், வேகமாகத் தின்று பானையைக் காலியாக்கச் சொன்னான். காலியானது. விடுதியில் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அயல்வீடுகளுக்கு ஆள் அனுப்பினார். நான்கு வீட்டுப் பானைகள் வந்து இறங்கின.

தான் இங்கேயே வயிறு வெடித்து மௌத்தாகப் போவது உறுதி என்று சஹ்லா மெல்ல அறிவித்தாள்.

கடைசி ஆயுதமாக, படித்ததில் நினைவிருந்த ஒரு மங்கலச் சொல்லை எடுத்தான் நிதுர்ஷன். விளைச்சல் பெருகட்டும் என்று களத்தில் வாழ்த்துகிற சொல் அது. வாழ்த்திவிட்டு அப்படியே நழுவிவிடலாம் என்று எழுந்து, "பொலி அக்கா, பொலி," என்றான். இன்னும் பெருகட்டும் என்று விருந்தாளியே வாய்விட்டுக் கேட்கிறானே என்று அக்கா பூரித்துப்போனார். எருமைத் தயிர் வாங்கிவர மோட்டார் சைக்கிள் பறந்தது.

தயிரைத் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டு அக்கா சொன்னார்: "போன வருசம் வந்ததுகள் ரெண்டு வாய் திண்டுட்டுப் போதும் எண்டு எழும்பிற்றுகள். நாத்து மிதிச்சதை விட அதுதான் மனே எனக்குக் கவலை. நீங்கதான் நல்ல புள்ளையள். வாற வருசமும் கட்டாயம் வரோணும்."

நிதுர்ஷனுக்கு ஆனந்தம் பொங்கியது. வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டான், பண்ணையையும் காப்பாற்றிவிட்டான். குனிந்து நன்றி சொல்லத்தான் வயிறு இடம் கொடுக்கவில்லை.

அப்போது பண்ணைக் காவலாளி சாமித்தம்பி தோளில் ஒரு வலையோடு வந்தார். இனி மீன் வேறு பிடிக்கப் போகிறார்களா என்று முப்பது பேரும் நடுங்கினார்கள். அவர் வாவிப் பக்கம் போகவில்லை. வலையின் ஒரு முனையைக் கம்பத்தில் முடிந்துவிட்டு இவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"திண்டது போதும், எழும்புங்க மனே. நாலு மணிக்கு இதில வொலிபோல் மெச் இருக்கு."