குரங்கு ஆட்டிய கல்யாண வீடியோ

இந்த ஆடி முடிவதற்குள் என் மனைவி இந்திராணியின் வாயிலிருந்து ஒரே ஒரு 'பரவால்லையே' வாங்கிவிடுவது என்று சபதம் எடுத்தேன். என் புதுச்சட்டைக்குக் கிடைத்ததில்லை. என் ரசத்துக்குக் கிடைத்ததில்லை. நான் வாய் திறக்காமல் இருந்ததற்குக்கூடக் கிடைத்ததில்லை.

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி வெளிநாட்டு வீடுகளுக்கு அனுப்புவது என் தொழில். இராத்திரி வேலை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கம்ப்யூட்டரைக் கெடுத்துக் கெடுத்து நானே கற்றது. ஊரே தூங்கும்போது யாரோ தாலி கட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவனுக்கு மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். அதைவிடக் கனம் அந்த ஃபைல்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு இணையம் வருகிற கம்பியில் குரங்குகள் ஊஞ்சலாடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஃபைலில் நாலு துண்டு உதிரும். மாப்பிள்ளை இங்கே தாலியை எடுத்தால், அது கனடா போய்ச் சேர்வதற்குள் பூ வாடிவிடும்.

"இன்னும் போவலையா?" தறியில் உட்கார்ந்தபடியே கேட்டாள் இந்திராணி.

"போய்க்கினே இருக்குதும்மா."

"அதுங்களுக்குக் கொழந்தை பொறந்துடப் போவுது. அந்த வீடியோவையும் சேத்தே அனுப்பிடுங்க."

ரோஷம் வந்துவிட்டது. நானே ஒரு புரோகிராம் எழுத இறங்கினேன்.

வழக்கமாக ஃபைல் அனுப்புகிற முறை ஒரு பயந்தாங்கொள்ளி. ஒரு துண்டு தொலைந்தால் போதும், வழியில் கருட சேவைக் கூட்டம் என்று நினைத்து வேகத்தைப் பாதியாக்கிவிடும். கூட்டமாவது ஒன்றாவது, குரங்கு! நான் எழுதிய புரோகிராம் வேகத்தைக் குறைக்காது. உபரித் துண்டுகளையும் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருக்கும். தொலைந்ததை அந்தப் பக்கம் அந்த உபரியிலிருந்து கணக்குப் போட்டு உண்டாக்கிக்கொள்ளும்.

"புரியுதா இந்திரா?"

"பந்தியில நூறு பேருக்கு நூத்தியிருவது எலை வாங்கறதுதானே. இதுக்கா இத்தினி நாளு?"

வெள்ளிக்கிழமை காலை. கம்பியில் குரங்குகள் குடும்பத்தோடு வந்திருந்தன. பொத்தானை அமுக்கினேன். காபி ஆறுவதற்குள் கல்யாணம் கனடா போய்விட்டது. பெண்ணின் அப்பாவே போன் செய்தார். "ஒரு புள்ளிகூட உதிரலைங்க!"

தறி நின்றது. இந்திராணி எழுந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். கண் கலங்கியது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். எனக்கே கூச்சமாகிவிட்டது.

"பரவால்லையேப்பா முருகா! கேட்ட ஒடனே குடுத்துட்டியே!"

கும்பிட்டது என் தலைக்கு மேலிருந்த காலண்டரை.

"முருகனா? எழுதினது நான்மா!"

"நீங்க எத்தினி நாளா எழுதிக்கினு இருக்கீங்க? போச்சா? நேத்துதான் திருத்தணிக்கு வேண்டிக்கினேன். இன்னிக்குப் போச்சு."

"இன்னா வேண்டிக்கினே?"

"மொட்டை."

பதறிப்போனேன். "அய்யய்யோ, உனக்கு எம்மாம் நீள முடி! இதுக்குப் போயா?"

"எனக்கு எதுக்குங்க? புரோகிராம் எழுதினது யாரு?"

"நான்தான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப மொட்டையும் நீங்கதான்."

ஆடிக் கிருத்திகையன்று, திருத்தணியில், சந்தனத்தை அவளே என் தலையில் தடவிவிட்டாள். ஜில்லென்று நன்றாகத்தான் இருந்தது. இருபது வருஷத்தில் இவ்வளவு பிரியமாக அவள் என் தலையைத் தடவியதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"முருகா," என்றது அவள் குரல், "ஸ்பீடு மட்டும் கொறையாம பாத்துக்கோ, வருஷா வருஷம் இவரைக் கூட்டியாந்துடறேன்."