தலைக்கு ரெண்டு நிமிஷம்

மனிதர்களை எண்ணுவதற்கென்றே பிறந்த ஒருவரை இந்தத் தேனிப் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒரு தடவை எண்ணும். அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணினார். அரசாங்கம் நாம் சொல்வதை எழுதிக்கொண்டு போய்விடும். அவர் நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, நம்பாமல், கொடியில் காயும் துணிகளை ஒரு பார்வை பார்ப்பார். எங்கள் நகரில் அவருக்கு ‘எத்தன பேரு’ என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. பதினோரு வருடம் எனக்குத் தண்ணீர் விட்டவருடைய பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்பதும் ஒரு குற்றம்தான். ஆனால் அது சின்னது. பெரியதைப் பின்னால் சொல்கிறேன்.

தேனியிலிருந்து போடி போகிற சாலையில், ஒரு புளியந்தோப்பை அழித்துப் போட்ட மனைகள் எங்கள் நகர். ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என்று நாற்பது வீடுகள். எல்லாரும் பிள்ளைகளை நினைத்து மாடியும் சேர்த்தே கட்டினோம். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். படித்ததும் பெங்களூருக்கும் கனடாவுக்கும் போனார்கள். முதலில் மாடிகளைப் பூட்டினோம். பிறகு சில வீடுகளில் கீழ்ப்பகுதியையும் யாராவது வந்து பூட்ட வேண்டியிருந்தது.

ஊராட்சிக் குழாய் அப்போது எங்கள் வரைக்கும் வரவில்லை. சொந்தத்தில் ஒரு போர், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழி, குழிக்குள் ஒரு வால்வு. குடியிருப்போர் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுத்திருந்தோம். தண்ணீர் வீட்டுக்கு அல்ல, தலைக்கு. ஒரு தலைக்கு இரண்டு நிமிடம். அநேகமாக எல்லார் வீட்டிலும் நாலைந்து பேர் இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. இந்த முடிவை நடத்திக்காட்ட வந்தவர்தான் எத்தன பேரு.

ஆள் ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு, தோளில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் வீட்டில் தொடங்குவார். வால்வைத் திறக்கும்போது தெருவுக்கே கேட்கும்படி கணக்கைச் சொல்வார். “ஒண்ணாம் நம்பர், ஆறு.” அதாவது ஆறு பேர், பன்னிரண்டு நிமிடம். எங்கள் தெருவில் யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை.

அவரை ஏமாற்ற ஆரம்பத்தில் சிலர் முயன்றதுண்டு. தாசில்தார் வீட்டில் இருந்தது மூன்று பேர். ஒருநாள் வாசலில் ஆறு ஜோடிச் செருப்பைப் பரப்பி வைத்துவிட்டு, “சொந்தக்காரங்க வந்திருக்காங்கப்பா, ஆறு போட்டுக்க” என்றார். எத்தன பேரு குனிந்து ஒவ்வொரு செருப்பாகப் பார்த்தார்.

“அய்யா, இந்த மூணு ஜோடியும் எதுல வந்துச்சு?”

“எதுல வந்துச்சுன்னா? மதுரையிலருந்து பஸ்ல வந்திருக்காங்க.”

“நடந்து வந்த மாதிரி தெரியலையே. நூலாம்படையோட வந்திருக்கு. ஆளுக தூங்குறாகளா?”

“தூங்குறாங்க.”

“சரி, எந்திரிச்சதும் சொல்லுங்க, அப்பத் தொறக்குறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அன்று தாசில்தார் பத்து மணி வரைக்கும் குளிக்கவில்லை.

மூன்றாம் நம்பர் வீட்டு மருமகள் ஒருநாள் வாசலுக்கு வந்து, “அண்ணே, ஒரு நிமிஷம் கூட விடுங்க, காலையிலருந்து ரெண்டு தடவ வாந்தி” என்றாள். அவர் விட்டார். விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து, “மூணாம் நம்பர், நாலரை” என்றார். உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த மாமியார் கரண்டியோடு ஓடிவந்து, “எவ அந்த அரை?” என்று கேட்ட பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது.

இறப்புக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. யாராவது போய்விட்டால் பதினாறாம் நாள் முடியும் வரை கணக்கைக் குறைக்க மாட்டார். துக்கம் கேட்க ஆட்கள் வந்து போவார்கள், தண்ணீர் வேண்டும். பதினேழாம் நாள் வாசலில் வந்து நின்று, சாவியைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, மெதுவான குரலில் கேட்பார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் சத்தமாகப் பேச மாட்டார்.

என் வீட்டு எண் பதினேழு. என் மனைவி இறந்து பதினாறு முடிந்ததும் மகன் கனடாவுக்கு விமானம் ஏறினான். மறுநாள் எத்தன பேரு வந்து நின்றார்.

“சார், ஒண்ணாக்கிரவா?”

நாற்பது வருடம் வகுப்பில் பேசியே பிழைத்து, தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற நான், குனிந்து வாசலில் கிடந்த அவள் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“சரி சார், நீங்களா சொல்ற வரைக்கும் ரெண்டுதான்” என்றார். மூன்று மாதம் “பதினேழு, ரெண்டு” என்றே சொல்லிப் போனார். கூடுதலாக வந்த தண்ணீரை நான் அவள் வைத்த செம்பருத்திக்கு ஊற்றினேன். பிறகு ஒருநாள் நானே கூப்பிட்டு ஒன்று என்று சொன்னேன். சட்டம் சட்டம் என்றே இருந்த அந்த மனிதர் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய்க்கணக்கு எனக்காக எழுதியது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

எங்கள் நகர் எவ்வளவு வேகமாகக் காலியானது என்பதை அவர் டீக்கடைக்கு வருகிற நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் பத்தரை மணிக்கு வந்தார். பிறகு ஒன்பதரை. நான் சங்கத்தின் செயலாளரானபோது எட்டே காலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, வேலை பிடுங்கப்பட்டவர் மாதிரி வடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தொட்டியில் தண்ணீர் மிச்சம் விழுந்தது. பூட்டிய வீடுகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. சொந்தக்காரர்களுக்குத் தானே போன் போட்டு வாடகைக்கு விடச் சொல்லி நச்சரிப்பார். பெங்களூரில் இருந்த பதினெட்டாம் நம்பர்க்காரரிடம் அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“சார், ஒங்க வீட்டுல இப்பக் கரையான் மட்டும் ஆயிரம் தலை இருக்கும். அதுக்கெல்லாம் என்னால தண்ணி விட முடியாது. மனுசங்களா நாலு பேர வைக்கட்டா?”

அவர் சரி என்றார். எத்தன பேரு நாலு பேரை வைக்கவில்லை. ஏழு பேரைக் கூட்டிவந்தார்.

மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பேச்சியம்மாவின் குடும்பம் அது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். நெஞ்சுச்சளி பிடித்த கணவர், மகள், மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள். மலையை விட்டு இறங்கினால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. முதல் நாள் காலையில் எத்தன பேரு, “பதினெட்டாம் நம்பர், ஏழு” என்று சொன்னபோது அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும். பேத்தி பிறந்த செய்தியைச் சொல்கிறவர் மாதிரி இருந்தது.

ஆனால் அதற்கு முந்தின வாசல் என்னுடையது. ஒருநாள் விட்டு ஒருநாள் நான் படுக்கையில் கிடந்தபடி கேட்பேன். “பதினேழு, ஒண்ணு.” இரண்டு நிமிடம். “பதினெட்டு, ஏழு.” பதினாலு நிமிடம். அந்தப் பக்கம் வாளிகள் மோதும், பிள்ளைகள் சண்டை போடும், கிழவர் இருமுவார், யாராவது சிரிப்பார்கள். ஒருநாள் பேச்சியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “சார், ஒத்தையிலயா சமைக்கீக? கொழம்பு கொஞ்சம் தரட்டா?” என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். என் வீட்டில் இல்லாத சத்தம் அடுத்த வீட்டில் இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. இதைவிட நல்ல காரணம் ஒன்று என்னிடம் இருந்ததாகச் சொல்ல ஆசைதான். இல்லை.

காரணம் தேடித் தர மற்றவர்கள் இருந்தார்கள். “எச்செம் சார், ஒங்க பக்கத்துல சத்திரம் நடக்குதாமே?” என்றார் தாசில்தார். “யாரு, எவருன்னு விசாரிச்சீங்களா?” என்றார் ஏலக்காய் வியாபாரி. அவர் எதை விசாரிக்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் போலத் தலையாட்டினேன்.

தீர்மானத்தை எழுதியது நான்தான். ‘தண்ணீர்ப் பற்றாக்குறையை முன்னிட்டு, வாடகை வீடுகளில் நால்வருக்கு மேற்பட்டோர் குடியிருத்தல் கூடாது.’ பூங்காவின் தகரக் கொட்டகையில் கூட்டம். நான் வாசித்து முடித்ததும், கடைசியில் நின்றிருந்த எத்தன பேரு கையைத் தூக்கினார்.

“தண்ணி பத்தலைன்னு யாரு சொன்னாக? தொட்டி வழியுது. முன்ன பத்தரை வரைக்கும் விட்ட தண்ணி, இப்ப அந்த ஏழு பேரையும் சேத்தே எட்டரைக்கு முடியுது.”

“வாயால சொன்னா ஆச்சா?” என்றார் தாசில்தார். “கணக்கு இருக்கா?”

“நோட்டு இருக்கே. வீட்டுக்கு வீடு, வருசா வருசம் எழுதியிருக்கேன். என் எழுத்து எனக்கே வெளங்காதுன்னு நல்லா எழுதித் தரச் சொல்லி எச்செம் சார்கிட்டக் குடுத்திருக்கேன். சாரே சொல்லட்டும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை. நோட்டு என் காலடியில், துணிப்பைக்குள் இருந்தது.

“அது எங்க வச்சேன்னு தெரியல. தேடணும்” என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். கொடித் துணியை எண்ணியே வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுகிற கண்களுக்கு, ஒரு துணிப்பைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நோட்டின் மூலை தெரியாமலா இருந்திருக்கும்? “சரி, தேடுங்க” என்றார். தீர்மானம் நிறைவேறியது.

மாதக் கடைசியில் ஒரு மினி லாரி வந்தது. பேச்சியம்மாவின் கணவரைக் கைத்தாங்கலாக முன்னால் ஏற்றிவிட்டு, எத்தன பேரு பின்னால் சாமான்களோடு ஏறிக்கொண்டார். வழியில் மறித்து எங்கே போகிறாய் என்று தாசில்தார் கேட்டதற்கு, “கூட்டிட்டு வந்தவன் நான். ஒரு எடத்துல விட்டுட்டு வாரேன்” என்றார். சாவியை மோட்டார் அறைக் கதவில் சாய்த்து வைத்திருந்தார். திரும்பி வரவில்லை. பேச்சியம்மாவின் கணவர் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, தேனி மார்க்கெட்டில் அந்த மருமகனைப் பார்த்து இடம் விசாரித்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். எத்தன பேரு வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தார். வரப்பில் மண்வெட்டியோடு நின்றவர் என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“வாங்க சார். இங்கன பரவாயில்ல. வயலு செருப்பெல்லாம் பரப்பி வைக்கிறதில்ல.”

நான் சிரிக்க முயன்றேன். பிறகு சொன்னேன். “அன்னைக்கு நோட்டு என்கிட்டதான் இருந்துச்சு. தீர்மானத்த எழுதினதும் நான்தான்.”

“தெரியும் சார். அந்த மாதிரி எழுத அங்கன வேற யாருக்கு வரும்? ஒரு தப்புகூட இல்லாம எழுதியிருந்தீக.”

அதற்குமேல் அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மடையை மண் வைத்து அடைத்துவிட்டு, “வெயிலு ஏறுது, சின்னமனூர் பஸ்ஸு இப்ப வந்துரும்” என்று என்னோடு கிளம்பினார். வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறியதும், என்னைத் தாண்டி மறுபக்கம் வந்து, வெயில் அடிக்கிற பக்கமாக நடந்தார். நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும், அந்த ஒல்லி உடம்பு தரக்கூடிய அளவு நிழலில்தான் நான் நடந்து வந்தேன்.